பூங்கோதை அளந்த முப்பத்தைந்து மீட்டர்

ஆறாவது ஓட்டம் முடிந்ததும் துர்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். இருமினாள். மூன்று தடவை. பூங்கோதை அதையும் எண்ணினாள். போன வாரம் இரண்டு தடவைதான்.

செல்போனில் நேரம் நின்றிருந்தது: ஆறு நொடி, நாற்பத்து நாலு. அதை நோட்டில் எழுதி, தலைப்பில் தேதியும் போட்டு, துர்காவின் எடை நாற்பத்தெட்டு கிலோ என்பதையும் மறக்காமல் எழுதினாள். அதன் பிறகுதான் தங்கைக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"எவ்ளோக்கா?"

"போட்டுப் பாத்துச் சொல்றன். நீ உக்காரு மொதல்ல."

"கொறஞ்சிருக்குதா?"

பூங்கோதை செல்போனில் கணக்கைத் தட்டினாள். எடையைத் தூரத்தால் இரண்டு முறை பெருக்கி, ஓடிய நேரத்தால் மூன்று முறை வகுக்க வேண்டும். வருகிற எண்தான் அந்த ஓட்டத்துக்குக் கால்கள் கொடுத்த சக்தி. முதல் ஓட்டத்துக்கு இருநூற்றுத் தொண்ணூற்று நாலு வந்தது. போன வாரம் தொண்ணூற்றைந்து. அதற்கு முந்தின வாரம் தொண்ணூற்றாறு. வாரத்துக்கு ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. கடலூர் செலக்‌ஷனில் முந்நூற்று ஐம்பது இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஜனவரியில் இதே பெண் முந்நூற்று எழுபத்து மூன்று எடுத்தவள்.

நாலே மாதத்தில் எண்பது குறைந்துவிட்டது. அது எங்கே போனது என்று தனக்குத் தெரியும் என்று பூங்கோதை நினைத்தாள்.

அவர்கள் அப்பா கோவிந்தசாமி கல் அரைக்கும் மில்லில் மூட்டை தூக்கியவர். மாவாக அரைத்த வெள்ளைக் கல் தூளை லாரியில் ஏற்றுவது வேலை. இருமல் வந்தது. முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வருடம் கழித்து எடுத்ததில் நெஞ்சு முழுக்கத் தூசி படிந்துவிட்டது என்றார்கள். நாற்பத்து நாலு வயதில் போய்ச் சேர்ந்தார். அப்போது பூங்கோதை பத்தாவது எழுதி முடித்திருந்தாள். துர்காவுக்கு ஐந்து வயது. அம்மா காசியம்மாள் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் களை எடுக்கப் போனாள். பூங்கோதை மேலே படிக்கப் போகாமல் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் கம்பெனியில் சேர்ந்தாள். மின்கம்பத்துக்குப் போகிற இன்சுலேட்டர் செய்யும் இடம். பதினோரு வருடமாகச் செக்கிங் பிரிவு. சூளைக்குப் போகுமுன் பச்சை மண் சாமான் ஒவ்வொன்றையும் அளந்து, அளவு தப்பினதைத் தள்ளிவைக்க வேண்டும். அவள் கை பட்டுப் போன சாமான் அளவுக் குறைவென்று திரும்பி வந்ததே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதைவிடப் பெரிய கர்வம் துர்கா.

துர்கா ஆறாவது படிக்கும்போது பள்ளி விளையாட்டு விழாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை முந்தி ஓடினாள். அன்றையிலிருந்து அவள் வாங்கிய ஒவ்வொரு சர்டிபிகேட்டையும் பூங்கோதை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தாள். கம்பெனியில் யார் வந்து என்ன பேசினாலும் நாலாவது வாக்கியத்தில் தங்கச்சி வந்துவிடுவாள். "பூங்கோதகிட்ட மணி கேட்டாக்கூட தங்கச்சி நூறு மீட்டர் டைமத்தான் சொல்லுது" என்று அச்சுப் பிரிவுக் கொளஞ்சிநாதன் கிண்டல் செய்வார்.

ஜனவரியில் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை மதிவதனி டீச்சர் இந்தச் சோதனையை முதலில் வைத்தார். முப்பத்தைந்து மீட்டர் முழு வேகத்தில் ஓட வேண்டும். பத்து நொடி ஓய்வு. திரும்ப ஓட வேண்டும். இப்படி ஆறு தடவை.

"நூறு மீட்டருக்குப் போறவளுக்கு எதுக்குங்க டீச்சர் இத்துனூண்டு தூரம்?" என்று பூங்கோதை அன்று கேட்டாள்.

"நூறு மீட்டரு ஓடறப்ப மூச்சு வந்து ஒதவறதுக்குள்ள ஓட்டமே முடிஞ்சிடும். சதைக்குள்ள ஏற்கெனவே இருக்கறத வெச்சித்தான் ஓடியாவணும். அது எவ்ளோ இருக்குதுன்னு மொத ஓட்டம் சொல்லும். எவ்ளோ சீக்கிரம் தீருதுன்னு ஆறாவது சொல்லும். இத வெச்சே நூறுல யாரு எங்க வருவாங்கன்னு முக்காவாசி சொல்லிடலாம். கடலூர்ல அதான் இத மொதல்ல வைக்கறாங்க. இதுல தேறினாத்தான் நூறு ஓடவே வுடுவாங்க."

செலக்‌ஷனில் தேறினால் விளையாட்டு விடுதியில் இடம். ஓடுவதற்கென்று தரை, பயிற்சியாளர், சாப்பாடு, படிப்பு. மே மாதம் பதினெட்டாம் தேதி. முதல் ஓட்டம் முந்நூற்று ஐம்பதுக்கும், ஆறாவது ஓட்டம் இருநூற்று அறுபதுக்கும் குறையக் கூடாது. பூங்கோதை அதை நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிக் கட்டம் போட்டாள்.

மார்ச் கடைசியில் டீச்சர் பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வேப்பூர் போய்விட்டார். பள்ளிக்கும் விடுமுறை. பயிற்சியைப் பூங்கோதை எடுத்துக்கொண்டாள். ஆலடி ரோட்டில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கெட்டியான பொட்டல் ஒன்று இருந்தது. கல்லையும் உடைந்த பீங்கான் துண்டுகளையும் இரண்டு நாள் பொறுக்கினாள். கம்பெனியிலிருந்து மீட்டர் கட்டையைக் கேட்டு வாங்கி வந்து, கயிறு பிடித்து, மண்டியிட்டு நகர்ந்து, முப்பத்தைந்து முறை வைத்து அளந்தாள். ஒரு முறைக்கு இரண்டு முறை அளந்தாள். இரண்டும் ஒரு விரல் அகலம்கூட வித்தியாசப்படவில்லை. இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு.

அந்தக் கோட்டுக்குள் ஓடத் தொடங்கிய முதல் நாளே துர்காவின் எண் விழுந்தது.

வெயில் என்று நினைத்தார்கள். பரீட்சைக்காக ஒரு மாதம் ஓடாமல் இருந்ததென்று நினைத்தார்கள். பூங்கோதை முட்டையை இரண்டாக்கினாள். எண் ஏறவில்லை. மூன்றாவது வாரம் துர்கா இருமினாள். பூங்கோதை அன்று வேலையிலிருந்து திரும்பி, புடவையை அவிழ்த்துக் கொடியில் போடப் போனபோது, அந்திவெயிலில் அதிலிருந்து வெள்ளைத் தூசி எழுந்ததைப் பார்த்தாள். கொடிக்குக் கீழேதான் துர்காவின் பாய் கிடக்கும். பதினோரு வருடம். ஐந்து வயதிலிருந்து அந்தப் பிள்ளை அந்தக் கொடிக்குக் கீழேதான் படுக்கிறாள்.

புடவையை அப்படியே சுருட்டி வெளியே எடுத்துப் போனாள்.

மறுநாளிலிருந்து பின்பக்கக் குழாயடியில் தலையோடு குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தாள். வேலைப் புடவையைப் பாலித்தீன் பையில் கட்டி வெளியே தொங்கவிட்டாள். வீடு முழுக்க ஈரத்துணி போட்டுத் துடைத்தாள். காசியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யாருக்குடி தீட்டு? வூட்ட இந்தக் கழுவு கழுவற?"

"தூசிம்மா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் காசியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். அதன் பிறகு அவளும் துர்காவின் இருமலைக் கவனிக்க ஆரம்பித்தாள். மூன்று பெண்கள் இருந்த அந்த வீட்டில் ஒருத்தி தொண்டையைச் செருமினால் மற்ற இருவர் பேச்சை நிறுத்தினார்கள்.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தாள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நெஞ்சு சுத்தமா இருக்குது. கோடையில தொண்ட காயும். தண்ணி குடிக்கச் சொல்லும்மா" என்றார். பூங்கோதை தலையாட்டினாள். அப்பாவுக்கும் முதல் படம் சுத்தமாகத்தான் இருந்தது.

இந்தக் கடைசிச் சோதனையன்றுதான் அது துர்காவின் வாயிலிருந்தே வந்தது. எண்ணைக் கேட்டுவிட்டு, பொட்டலில் உட்கார்ந்தபடியே, ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

"க்கா. எனக்கு அப்பாவுக்கு வந்தது வந்துடுச்சா?"

"வாயக் கழுவு."

"நீ ராத்திரியெல்லாம் என் மூச்ச நின்னு பாக்கறது தெரியும். நான் தூங்கற மாதிரி கெடக்கறன், நீயும் எனக்குத் தெரியாத மாதிரி நிக்கற."

பூங்கோதையால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "கடலூரு வேணாம் பாப்பா," என்றாள். "இந்த எண்ண வெச்சிக்கினு அங்க போயி, ஆறு ஓட்டம் ஓடி, எதாச்சும் ஒண்ணு ஆயிடுச்சின்னா."

"போவாட்டி?"

"போவாட்டி என்னா. உசுரோட இருப்ப."

துர்கா அவிழ்த்த ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டாள். "சரி," என்றாள். அப்படிச் சட்டென்று சரி என்று சொல்கிற பெண்ணே அல்ல அவள். அதுதான் பூங்கோதையை இன்னும் பயமுறுத்தியது.

செலக்‌ஷனுக்கு நாலு நாள் இருந்தது. வரப்போவதில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் அன்று மாலை பூங்கோதை டீச்சருக்குப் போன் செய்தாள். பின்னணியில் கைக்குழந்தை அழுதது. டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நோட்டப் படி," என்றார்.

"மொத ஓட்டம் இருநூத்தித் தொண்ணூத்தி நாலுங்க டீச்சர்."

"ஆறாவது?"

"இருநூத்தி இருவது."

"ஜனவரியில?"

"முந்நூத்தி எழுவத்தி மூணுல ஆரம்பிச்சி இருநூத்தி எழுவத்தொம்பதுல முடிச்சா."

டீச்சர் கணக்குப் போடுவது கேட்டது. குழந்தையை யாரிடமோ கொடுப்பதும் கேட்டது.

"பூங்கோதை, நல்லாக் கேளு. நெஞ்சுல கோளாறுன்னா மொத ஓட்டம் கெடாது. அதுக்குத்தான் மூச்சே வேணாம்னு அன்னிக்கே சொன்னேன். போவப் போவத்தான் சரிஞ்சி வுழும். ஜனவரியில மொதலுக்கும் கடைசிக்கும் கால்பங்கு கொறைஞ்சிது. இப்பவும் அதே கால்பங்குதான் கொறையுது. ஒரே சீரா எல்லாமே கீழ எறங்கியிருக்குது. ஒடம்பு இப்படிக் கெடாது. வாட்ச்சப் பாரு. தரையப் பாரு."

"தரை சரியாத்தான் இருக்குதுங்க டீச்சர். நானே அளந்தேன். ரெண்டு வாட்டி."

"திரும்பவும் அள."

போனை வைத்தபின் பூங்கோதைக்கு ரோஷமாக இருந்தது. அளவில் தன்னைச் சந்தேகப்பட்டவர் இதுவரை ஒருத்தரும் இல்லை. ஆனாலும் மறுநாள் காலை வேலைக்குப் போனவுடன் அச்சுப் பிரிவுக்குப் போய், "கொளஞ்சிண்ண, அந்த மீட்டர் கட்ட இன்னொரு வாட்டி வேணும்," என்றாள்.

கொளஞ்சிநாதன் பிளாஸ்டர் மாவு கரைத்துக்கொண்டிருந்தார். "போன மாசமும் வாங்கிக்கினு போன. வூட்டுல எதாச்சும் சூளை போட்டுருக்கியா?"

"தங்கச்சி ஓடற எடத்த அளக்கண்ண. முப்பத்தஞ்சு மீட்டரு."

கரைத்த கை நின்றது. அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தக் கட்டையிலயா அளந்த?"

"ஆமா."

"ஏம்மா பூங்கோத. அப்ப ஒங்க மைதானத்த எடுத்தாந்து நம்ம சூளையில வை. வெந்து வெளிய வரப்ப முப்பத்தஞ்சு மீட்டரு சுத்தமா இருக்கும்."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்த மற்றவர்களின் முகத்தைப் பார்த்தபிறகு விளங்கியது.

பச்சை மண் சூளையில் வேகும்போது சுருங்கும். அதனால் பச்சைச் சாமானைப் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போடாமல் இருக்க, அச்சுப் பிரிவில் கட்டையின் கோடுகளையே தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். அதில் நூறு சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கும் இடம் நிஜத்தில் நூற்றுப் பத்து. இது பூங்கோதைக்குத் தெரியாததல்ல. சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது. பதினோரு வருடமாக அந்தக் கட்டையைத் தவிர வேறெதையும் கையில் பிடிக்காததால், அதுதான் மீட்டர் என்று கைக்கு ஆகிவிட்டிருந்தது.

முப்பத்தைந்துக்கு மூன்றரை மீட்டர் கூடுதல். துர்கா ஓடியது முப்பத்தெட்டரை.

அவள் தள்ளிவைத்த சாமான்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது வேறொரு பயம். நெஞ்சு நன்றாக இருக்கிறது என்றால், ஒரு நல்ல பெண்ணைப் பிடித்து உனக்கு நோய் என்று மூன்று வாரமாக நம்பவைத்தது யார்?

அன்று சாயங்காலம் டெய்லர் கடையில் நாடாவை இரவல் வாங்கிக்கொண்டு போய், பொட்டலில் துர்காவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே அளந்து காட்டினாள். புதுக் கோடு பழைய கோட்டுக்கு உள்ளே, நல்ல தூரத்தில் விழுந்தது. விஷயத்தைச் சொன்னாள். நடுவில் நிறுத்தாமல், எதையும் விடாமல் சொன்னாள்.

துர்கா இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல பாப்பா."

"பொணம் மாதிரி கெடந்தன்க்கா ஒவ்வொரு ராத்திரியும். நெஞ்சுல கைய வெச்சிக்கினு."

"தெரியும்."

"நீயி அளந்தா தப்பாவுமான்னுதான் நான் தரையப் பத்தி யோசிக்கவே இல்ல," என்றாள் துர்கா. அதில் கோபம் இருந்திருந்தால் பூங்கோதை தாங்கியிருப்பாள். இல்லை. துர்கா அக்காவின் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கடலூருக்குப் போறோம்," என்றாள்.

இனி மூன்று நாள் முழுச் சோதனை வேண்டாம், கால் களைத்துவிடும் என்று டீச்சர் போனில் சொல்லிவிட்டார். அதனால் சரியான தூரத்தில் துர்காவின் எண் என்ன என்று யாருக்கும் தெரியாது. பூங்கோதை பழைய நேரத்தையே முப்பத்தெட்டரை என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். முதல் ஓட்டம் முந்நூற்று ஐம்பத்தைந்து. ஆறாவது இருநூற்று அறுபத்தாறு. வேண்டியதைவிட ஐந்தும் ஆறும்தான் கூடுதல். கண்ணை மூடித் திறக்கும் நேரம் பிசகினால் போய்விடும். இந்தக் கணக்கே சரிதானா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

பதினெட்டாம் தேதி விடியற்காலைப் பஸ்ஸில் நெய்வேலி வழியாகக் கடலூர் போனார்கள். முப்பத்தொரு பெண்கள் வந்திருந்தார்கள். கூட வந்தவர்களைக் கம்பி வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே இரண்டு முனையிலும் மஞ்சள் கூம்பு வைத்து, ஆளுக்கொருவர் வாட்ச்சோடு நின்றார்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் நேரத்தையும் ஒருவர் உரக்கச் சொல்ல, மேசையில் இருந்தவர் எழுதினார்.

துர்காவின் முறை வந்தது. எடை நாற்பத்தெட்டு. விசில்.

முதல் ஓட்டத்தில் நேராக வந்து, கோட்டைத் தாண்டியும் அவள் நிற்கவில்லை. இன்னும் இரண்டு எட்டு அதே வேகத்தில் ஓடி, அதற்கப்புறம்தான் வேகத்தைக் குறைத்தாள். கால்கள் பழகியிருந்த தூரம் அது.

"ஏம்மா எங்க போற. திரும்பு, திரும்பு," என்று வாட்ச்காரர் கத்தினார்.

"அஞ்சு நாப்பத்தாறு," என்றது மேசைப் பக்கக் குரல்.

பூங்கோதை கணக்குப் போடவில்லை. பத்து நொடி ஓய்வில் பாதியைத் துர்கா கோட்டுக்குத் திரும்பி வருவதிலேயே செலவழித்துக்கொண்டிருந்தாள். மூச்சு விட நேரமில்லாமல் மறுபடி விசில். இரண்டாவது ஓட்டத்திலும் அதே கதை. மற்ற பெண்கள் கோட்டுக்கு அப்பால் இரண்டு எட்டில் இடுப்பில் கை வைத்து நிற்க, இவள் மட்டும் தூரத்தில் போய்த் திரும்பி ஓடி வந்தாள். அவளுடைய ஓய்வைத் தின்றுகொண்டிருந்தது தன் கைதான் என்று பூங்கோதைக்குத் தெரிந்தது.

"கோட்டுலயே நில்லு பாப்பா," என்றாள். சத்தம் வெளியே வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு நல்லூர்க்காரர், தன் மகளைக் கூட்டி வந்தவர், அவளைப் பார்த்துவிட்டு, "சத்தமாச் சொல்லும்மா, கேக்கும்," என்றார்.

"துர்கா. கோட்டுல நில்லு. எண்ணு, பத்து எண்ணு."

மூன்றாவது ஓட்டத்தின் முடிவில் துர்கா பின்னுக்குச் சாய்ந்து பிரேக் போட்டதுபோல் நின்றாள். சறுக்கி ஒரு கை தரையில் ஊன்றியது. எழுந்தாள். நின்ற இடத்திலேயே திரும்பி, வாய் அசைய எண்ணத் தொடங்கினாள். பூங்கோதையும் எண்ணினாள். நாலாவது. ஐந்தாவது, ஐந்து தொண்ணூறு. உதடு வெளுத்திருந்தது. ஆறாவதுக்குப் போகும்போது துர்காவின் தலை பக்கவாட்டில் ஆடியது. அது பூங்கோதைக்குத் தெரிந்த ஆட்டம். கால் சொன்னதைக் கேட்காதபோது வருவது. அந்த முப்பத்தைந்து மீட்டரில் அவள் இருமலுக்காகக் காத்திருந்தாள், விழுவதற்காகக் காத்திருந்தாள், அப்பாவின் கடைசி மாதங்களை எல்லாம் பார்த்து முடித்தாள்.

"ஆறு, பூஜ்யம் ரெண்டு."

துர்கா கோட்டில் அப்படியே மல்லாந்து படுத்தாள். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. இருமவில்லை.

மேசைக்காரர் பன்னிரண்டு பெயர் படித்தார். ஒன்பதாவது துர்கா. மதியத்துக்கு மேல் அந்தப் பன்னிரண்டு பேரும் நூறு மீட்டர் ஓடினார்கள். துர்கா நாலாவதாக வந்தாள். ஆறு பேரை எடுத்துக்கொண்டார்கள்.

"துர்காவுக்கு யாரு வந்திருக்கறது? கையெழுத்துப் போடணும்," என்று கூப்பிட்டார்கள். பூங்கோதை உள்ளே போனாள். மேசையில் தாளும் பேனாவும் இருந்தன. அவள் பேனாவை எடுக்காமல், "சார், ஆறாவது ஓட்டம் எவ்ளோ போட்டிருக்கறீங்க?" என்று கேட்டாள்.

"இருநூத்தி அறுவத்தொம்பது. அதான் செலக்ட் ஆயிடுச்சேம்மா."

"ஒரு வாட்டி போட்டுப் பாத்துக்கறங்க சார்."

"நாங்க போட்டது தப்பா இருக்குமா?"

"யாரு போட்டதும் தப்பாவலாம் சார்," என்றாள் பூங்கோதை. செல்போனை எடுத்து, நாற்பத்தெட்டைத் தட்டி, முப்பத்தைந்தால் பெருக்கினாள். மறுபடி பெருக்கினாள். ஆறு புள்ளி பூஜ்யம் இரண்டால் மூன்று முறை வகுத்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். துர்கா வெட்கப்பட்டு, "க்கா, போதும் வா," என்று முந்தானையை இழுத்தாள்.

இருநூற்று அறுபத்தொன்பது வந்தது. பூங்கோதை பேனாவை எடுத்தாள்.